பழைய வானொலியும் புதிய மின்தேக்கியும்



உங்களுள் சிலருடைய வீட்டுப் பரணிலே, பழந்துணி போர்த்தப்பட்டு, வால்வு ரேடியோப் பெட்டி ஒன்று இன்றும் இருக்கக்கூடும். மரத்தாலான பெட்டி, முகப்பில் கண்ணாடித் தகடு, அதில் மதராஸ், திருச்சி, கொழும்பு, டில்லி என்று ஊர்ப் பெயர்கள். 1924ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் சென்னையில் ஒரு ரேடியோ சங்கத்தார் ஒலிபரப்பைத் தொடங்கினர். 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939 மே 16இல் திருச்சிராப்பள்ளி நிலையமும் பிறந்தன. அக்காலந்தொட்டு டிரான்சிஸ்டர் பெட்டிகள் பரவும்வரை நம் மக்களுக்குச் செய்தியும் சங்கீதமும் கொண்டுவந்து கொடுத்தவை இந்த வால்வுப் பெட்டிகளே. இப்பெட்டிகளை மீண்டும் பேசவைக்கும் வேலையை நான் பல ஆண்டுகளாகப் பொழுதுபோக்காகச் செய்து வருகிறேன். அவ்வேலையின் ஒரு சிறு பகுதியைப் பற்றியே இன்று பேசப்போகிறேன். அஃதாவது, பழைய மின்தேக்கியின் கூட்டுக்குள் புதிய மின்தேக்கியை வைத்து, பழையது போலவே செய்து பொருத்தும் முறை.

மின்தேக்கி என்பது யாது? ரேடியோ பழுது பார்ப்போர் இதனைக் 'கண்டன்சர்' என்று சொல்வார்கள். இரண்டு உலோகத் தகடுகளை ஒன்றையொன்று தொடாதபடி அருகருகே வைத்து, இடையில் மின்சாரம் கடவாத பொருள் ஒன்றை வைத்தால் அதுவே மின்தேக்கி. 1745, 1746ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியில் ஃபான் கிளைஸ்டும், ஹாலந்தில் லைடன் நகரத்து மூஷன்புரூக்கும் தனித்தனியே கண்டறிந்த கண்ணாடிச் சாடிதான் இதன் மூதாதை. பழைய ரேடியோவில் உள்ளது அதன் சுருக்கப்பட்ட வடிவம். இரண்டு மெல்லிய உலோகத் தாள்களையும் அவற்றினிடையே மெழுகு ஊட்டிய காகிதத்தையும் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, அட்டைக் குழாய்க்குள் நுழைத்து, இருமுனைகளையும் மெழுகால் அடைத்துவிடுவார்கள். வெளியே காகிதச் சீட்டு ஒன்றில் அதன் கொள்ளளவும், அது தாங்கக்கூடிய வோல்ட் அளவும் அச்சிடப்பட்டிருக்கும்.

இது செய்யும் தொழில் இரண்டு. முதலாவது தொழிலுக்கு ஏரியை உவமை சொல்லலாம். வெள்ளம் வரும்போது ஏரி வாங்கிக்கொள்கிறது. வராதபோது மதகு வழியே சீராக விடுகிறது. அதுபோல், ஏறி இறங்கி வருகிற மின்சாரத்தை வாங்கி, மட்டமாக்கித் தருவது வடிகட்டி மின்தேக்கி. இரண்டாவது தொழிலுக்கு மத்தளத்தை உவமையாகக் கொள்ளலாம். ஒரு பக்கத்துத் தோலைத் தட்டினால் மறுபக்கத்துத் தோலும் அதிர்கிறது. ஆனால் இப்பக்கத்துக் காற்று அந்தத் தோலைக் கடந்து வெளியே போவதில்லை. அதுபோல், ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்கு ஒலியின் அதிர்வை மட்டும் அனுப்பி, முதல் வால்வின் உயர்ந்த மின்னழுத்தத்தைத் தடுத்து நிறுத்துவது இணைப்பு மின்தேக்கி.

இனி இது எவ்வாறு கெடுகிறது என்று பார்ப்போம். காகிதம் எவ்வளவுதான் மெழுகு குடித்திருந்தாலும் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லக் காகிதமே அமிலத்தன்மை அடைந்து நலிகிறது. ஏரிக் கரையில் நண்டு வளை தோண்டினாற்போல், நலிந்த இடங்களின் வழியே மின்சாரம் கசியத் தொடங்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரேடியோ பாடவும் செய்யும். அதுதான் ஆபத்து.

இதனை நான் நூலிலிருந்து கற்கவில்லை, நஷ்டப்பட்டுக் கற்றேன். இளமையில் என் தாய்மாமன் தம் வீட்டு ரேடியோவை என்னிடம் கொடுத்தார். பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த பெட்டி. நான் தூசியைத் துடைத்தேன். நேரே மின்சாரத்தில் மாட்டினேன். பாட்டு வந்தது! சற்றுக் கரகரப்பாக இருந்தது. பழைய பெட்டி அப்படித்தான் இருக்கும் என்று எண்ணி, அத்தையையும் குழந்தைகளையும் அழைத்துக் கேட்கச் செய்தேன். பத்து நிமிஷத்தில் பெட்டியின் பின்புறத்திலிருந்து புகை எழுந்தது. கடைசி வால்வும், ஒலிபெருக்கிக்கு முன்னுள்ள மின்மாற்றியும் ஒருங்கே போயின. மாமா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "போனால் போகட்டும், விடு" என்றார். ஆனால் அந்தப் பெட்டியை அவர் மீண்டும் பரணில் ஏற்றவில்லை. பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

குற்றம் ஒரு சிறிய இணைப்பு மின்தேக்கியில் இருந்தது. கடைசி வால்வின் கிரிட் என்னும் வலைவாய் எதிர் மின்னழுத்தத்தில் இருந்தால்தான் வால்வின் வழியே அளவான மின்சாரம் ஓடும். மின்தேக்கி கசிந்தால் அங்கே நேர் மின்னழுத்தம் ஏறுகிறது. வால்வு கட்டுக்கடங்காமல் மின்சாரத்தை இழுக்கிறது. சில ரூபாய்ப் பொருளின் குற்றத்தால் பெரும்பொருள் அழிகிறது.

அதனால்தான் பழைய ரேடியோவைத் திருத்துவோர் காகித மின்தேக்கிகள் அனைத்தையும் மாற்றிவிடுவது என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். மைக்கா, பீங்கான் மின்தேக்கிகள் பெரும்பாலும் நெடுங்காலம் உழைப்பவை. அவற்றைக் காரணமின்றித் தொட வேண்டியதில்லை. காகிதத்துக்குப் பதிலாக இப்போது பாலியெஸ்டர், பாலிபுரொப்பிலீன் முதலிய பிளாஸ்டிக் படலங்களால் ஆன மின்தேக்கிகள் எளிதில் கிடைக்கின்றன. அவை காகிதத்தைப் போல் ஈரத்தை உறிஞ்சுவதில்லை. பழையதை வெட்டி எறிந்து, மஞ்சள் நிறப் புதியதைப் பற்றவைத்துவிட்டால் வேலை முடிந்தது. நானும் நெடுநாள் அவ்வாறே செய்துவந்தேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரு பெட்டி.

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓர் அம்மையார் தம் தகப்பனாரின் ரேடியோவை எடுத்து வந்தார். தகப்பனார் தபாலாபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். ஓய்வு நேரத்தில் தாமே ரேடியோ வேலை பழகியவர். "தம்பி, இது பாட வேண்டும். ஆனால் அப்பா கைபட்ட பெட்டி. உள்ளே இருப்பதை வீசி எறிந்துவிடாதீர்கள்" என்றார் அவர். நான், "சரி அம்மா" என்று சொன்னேனே தவிர, அதன் பொருளை அப்போது உணரவில்லை.

பெட்டியைக் கவிழ்த்து அடித்தட்டைத் திறந்து பார்த்தபோது, ஒரு மின்தேக்கியின் காகிதச் சீட்டின்மீது பென்சிலால் எழுதியிருந்தது: "தை 1961. புதிது." அதன் கீழே ஓர் இனிஷியல். அம்மையார் அந்த எழுத்தைக் கண்டவுடன் ஒன்றும் பேசவில்லை. விரலால் தொடப் போய், பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

அது எந்த மின்தேக்கி தெரியுமா? கடைசி வால்வுக்கு முன்னுள்ள இணைப்பு மின்தேக்கி. என் மாமாவின் பெட்டியைக் கொன்ற அதே இடம்.

ஒருவேளை அது நல்ல நிலையில் இருக்கலாம் என்ற ஆசையால் சோதித்துப் பார்த்தேன். சாதாரண மானியின் சிறிய பாட்டரி அழுத்தத்தில் கசிவு தெரியாது; உண்மையான வேலை அழுத்தத்தில் பார்க்க வேண்டும். வடிகட்டி மின்தேக்கிகளை முன்னதாகவே கவனித்து முடித்திருந்தேன். கிரிட் பக்கத்து முனையைக் கழற்றி, அம்முனைக்கும் சேஸிஸ் என்னும் இரும்புத் தட்டுக்கும் இடையே வோல்ட்மானியை இணைத்தேன். மறுமுனையில் 100 வோல்ட். மின்தேக்கி நல்லதானால் மானி ஒரு கணம் ஏறிப் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். அதுவோ 50 வோல்ட்டில் நின்றுவிட்டது. மானியின் உட்தடை 10 மெகாம். பாதி அழுத்தம் காட்டியபடியால் மின்தேக்கியின் கசிவுத் தடையும் 10 மெகாம்தான். கிரிட்டில் உள்ள தடை அரை மெகாம். கணக்கிட்டால், கிரிட்டில் ஏறக்குறைய 4.8 வோல்ட் நேர் மின்னழுத்தம் ஏறும். அங்கிருந்த ஈஎல் 84 வால்வுக்கு 250 வோல்ட்டில் வேண்டிய எதிர் மின்னழுத்தமோ 7.3 வோல்ட். பாதிக்கு மேல் பறிபோகிறது. காதோடில் உள்ள தடை ஓரளவு கட்டுப்படுத்தினாலும், வால்வு அளவுக்கு மீறி உழைக்கும் என்பதில் ஐயமில்லை.

ஆகவே அதை விட்டுவைத்தால் பெட்டி போகும். எடுத்து எறிந்தால் எழுத்துப் போகும். இரண்டையும் காக்க ஒரே வழி, கூட்டை வைத்துக்கொண்டு உயிரை மாற்றுவது. அம்முறையை இனி வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், எதையும் கழற்றுமுன் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கையாலும் வரைந்துகொள்ள வேண்டும். எந்த முனை எங்கே போகிறது, கம்பி எவ்வழி வளைகிறது, சீட்டின் எழுத்து எத்திசை நோக்கியிருக்கிறது என்பன எல்லாம் குறிக்கப்பட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மின்தேக்கியை மட்டுமே எடுக்க வேண்டும். பத்தையும் ஒன்றாகக் கழற்றியவர் பத்து நாள் விழிப்பார்.

அடுத்து, கூட்டைக் காலி செய்தல். தலைமயிர் உலர்த்தும் கருவியின் வெப்பக் காற்றை மிதமாகச் செலுத்தினால் முனைகளிலுள்ள மெழுகு இளகும். அட்டைக் குழாயின் உள்ளளவுக்குச் சற்றுச் சிறிய மரக்குச்சியால் ஒரு பக்கத்திலிருந்து மெல்லத் தள்ளினால், சுருள் மறுபக்கம் வெளிவந்துவிடும். அவசரப்பட்டு இழுத்தால் சீட்டு கிழியும். பென்சில் எழுத்து கரித்தூளால் ஆனது. மிதமான வெப்பம் அதனை ஒன்றும் செய்வதில்லை. மை எழுத்தானால் அதிக எச்சரிக்கை வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய மின்தேக்கிகள் சிலவற்றில் குளோரின் கலந்த மெழுகும் எண்ணெயும் பயன்படுத்தப்பட்டன. அவை உடலுக்குத் தீங்கானவை. ஆதலால் இவ்வேலையைக் காற்றோட்டமான இடத்தில், கையுறை அணிந்து செய்க. மெழுகைக் கொதிக்க விடாதீர்கள், எரிக்காதீர்கள், சமையலறைப் பாத்திரத்தையோ அடுப்பையோ இதற்குப் பயன்படுத்தாதீர்கள். எண்ணெய் நிரப்பிய உலோக உறை மின்தேக்கிகளைத் திறக்கவே வேண்டாம்.

மூன்றாவது, புதியதைத் தேர்ந்தெடுத்தல். பழைய அளவு 0.02 மைக்ரோஃபாரட் என்றால் இன்று 0.022 கிடைக்கும், 0.05 என்றால் 0.047. இச்சிறு வேற்றுமையால் இங்கே பாதகமில்லை. பழைய காகித மின்தேக்கிகளே 20 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருந்தன. தாங்கும் அழுத்தம் பழையதற்குக் குறையக் கூடாது. நான் 630 வோல்ட் வகையையே வைக்கிறேன்.

நான்காவது, உள்ளே வைத்தல். புதியது பழையதைவிட மிகச் சிறியது. அதன் இரு கம்பிகளும் குழாயின் நடுவில் வெளிவரும்படி, மெல்லிய காகிதத்தைச் சுற்றிப் பருமனாக்கிக் குழாய்க்குள் நுழைக்க வேண்டும். கம்பி குட்டையானால், அதே பருமனுள்ள ஈயம் பூசிய செம்புக் கம்பியை ஒட்டுப்போடலாம். பற்றவைக்கும்போது சூடு படலத்தைத் தாக்காதபடி கம்பியைக் குறட்டால் கவ்விக்கொள்க. பின்னர் இரு முனைகளையும் உருக்கிய தேன்மெழுகால் அடைக்க வேண்டும். தேன்மெழுகு ஏறக்குறைய 62 முதல் 64 டிகிரி செண்டிகிரேடில் உருகுவது. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் சிறு குவளையை வைத்து உருக்கினால் போதும். நேரே தீயில் வைப்பது கூடாது. மெழுகு ஆறும்போது நடுவில் குழி விழும். இரண்டாம் முறை சிறிது ஊற்றினால் மட்டமாகும். உருகும் வெப்பம் இவ்வளவு தாழ்ந்ததாகையால், சூடேறும் பெரிய தடைகளை ஒட்டி இம்மின்தேக்கியை வைக்கலாகாது.

சீட்டு முழுவதும் அழிந்துபோன மின்தேக்கிகளும் உண்டு. அவற்றுக்குக் கூட்டையே புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். உருண்டைக் குச்சியின்மீது பழுப்புக் காகிதத்தைப் பசை தடவிப் பல சுற்றுச் சுற்றி, உலர்ந்தபின் உருவி எடுத்தால் குழாய் தயார். அதே பெட்டியில் நல்ல சீட்டுள்ள வேறொரு மின்தேக்கியைப் படம் பிடித்து, அளவை மாற்றி அச்சிட்டு ஒட்டலாம். நீரில் கரையும் மையால் அச்சிட்டால் பசை பட்டவுடன் கலங்கிவிடும். லேசர் அச்சு கலங்காது. வெள்ளைக் காகிதம் கண்ணை உறுத்தினால், தேயிலை நீரில் நனைத்து உலர்த்தினால் வயதேறிவிடும். மேலே மெழுகை ஒருமுறை பூசிவிட்டால், பழையவற்றின் நடுவே இது தனித்துத் தெரியாது.

வடிகட்டி மின்தேக்கி அலுமினியக் குப்பியில் இருக்கும். அதனுள்ளே மின்காப்பாக நிற்பது, தகட்டின்மீது வளர்க்கப்பட்ட மெல்லிய ஆக்ஸைடுப் படலம். உள்ளிருக்கும் திரவம் உலர்ந்துவிட்டால் அது பயனற்றது. குப்பியின் அடிப்பகுதியை மெல்லிய இரம்பத்தால் சுற்றி அறுத்து, உள்ளிருப்பதை அகற்றி, 450 வோல்ட் தாங்கும் புதியவற்றை உள்ளே வைத்து, மீண்டும் மூடலாம். இதில் மூன்று விதிகள் உண்டு. நேர்முனை எதிர்முனை மாறக்கூடாது; மாறினால் வெடிக்கும். பழைய சுருளை விட்டுவைத்து அதன்மேல் புதியதை இணைக்கக் கூடாது. கொள்ளளவைப் பேராசையால் கூட்டக்கூடாது. மின்சாரத்தை ஒருதிசைப்படுத்தும் வால்வுக்கு ஒரு வரம்பு உண்டு. ஈஇசட் 80 வால்வுக்கு அவ்வரம்பு 50 மைக்ரோஃபாரட். 32 இருந்த இடத்தில் 33 வைத்தால் போதும்.

இங்கே நேயர் ஒருவர் கேட்கலாம்: "அடித்தட்டுக்குள் மறைந்திருக்கும் பொருளுக்கு இத்தனை வேஷம் எதற்கு? இது ஏமாற்று அல்லவா?" நியாயமான கேள்வி. எல்லாப் பெட்டிக்கும் இது வேண்டியதில்லை என்பதே என் கருத்து. நாள்தோறும் கேட்பதற்கான சாதாரணப் பெட்டியில் மஞ்சள் மின்தேக்கி வெளிப்படையாக இருப்பதே நேர்மை. நாளை பழுது பார்ப்பவருக்கும் எளிது. ஆனால் அபூர்வமான பெட்டி, அருங்காட்சியகத்துக்குப் போகும் பெட்டி, அந்த அம்மையாருடையதைப் போல மனிதர் கைச்சுவடு பதிந்த பெட்டி ஆகியவற்றின் உட்புறமும் ஓர் ஏடு. அதைக் கிழிக்க நமக்கு உரிமை இல்லை.

ஏமாற்றாகாமல் இருக்க நான் ஒரு வழக்கம் கைக்கொள்கிறேன். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும், புதிய மின்தேக்கியைச் சுற்றிய காகிதத்தில், நாளும் அளவும் "உட்பொருள் புதிது" என்னும் சொற்களும் எழுதி வைக்கிறேன். பெட்டியின் பின்பலகையின் உட்புறத்திலும் மாற்றியவற்றின் பட்டியலை ஒட்டுகிறேன். எடுத்த பழைய சுருள்களை மூடிய டப்பாவில் இட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாதபடி வைக்கச் சொல்லி உரியவரிடம் தருகிறேன். இப்படிச் செய்த பெட்டியை "தொடப்படாத பழைய பொருள்" என்று சொல்லி விற்றால் அது மோசடியே. அவ்வித வேலையை நான் ஏற்பதில்லை.

இதனைக் கேட்டு ஆர்வம் கொண்டு இன்று மாலையே பரணில் ஏறப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வால்வு ரேடியோவில் 250 வோல்ட்டும் அதற்கு மேலும் இருக்கும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் வடிகட்டி மின்தேக்கியில் அது தங்கியிருக்கலாம்; தடை ஒன்றின் மூலம் வெளியேற்றி, மானியால் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். மாறுமின்னோட்டம், நேர்மின்னோட்டம் இரண்டிலும் ஓடுமாறு செய்யப்பட்ட பெட்டிகளில் இரும்புத் தட்டே மின்சாரத்தோடு நேரே இணைந்திருக்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து. மின்சார வாயிலில் நேரே நிற்கும் மின்தேக்கிகளுக்குச் சாதாரண வகை கூடாது. எக்ஸ், ஒய் என்று குறியிட்ட பாதுகாப்பு வகையே வேண்டும். முதன்முறை ஓட்டும்போது 60 வாட் இழை விளக்கு ஒன்றைத் தொடரில் இணைத்து ஓட்டுக. விளக்கு பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உள்ளே குறுக்கோட்டம் என்று அறிந்து உடனே நிறுத்திவிடலாம். அந்த ஒரு விளக்கு இருந்திருந்தால் என் மாமாவின் வீட்டில் அன்று அவ்வளவு புகை எழுந்திராது. பழக்கமில்லாதவர்கள் பழகியவரைத் துணைக்கு வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

தஞ்சை அம்மையாரின் பெட்டிக்கு வருவோம். பென்சில் எழுத்துள்ள குழாய்க்குள் 0.022 மைக்ரோஃபாரட் ஒன்றை வைத்து, மெழுகிட்டு, பழைய இடத்திலேயே பழைய வளைவோடு பற்றவைத்தேன். மானியை வைத்துப் பார்த்தேன். ஒரு துள்ளல், பிறகு பூஜ்யம். அவர் வந்த அன்று பெட்டியைக் கவிழ்த்து முதலில் அந்த எழுத்தைக் காட்டினேன். பிறகுதான் நிமிர்த்தி ஓட்டினேன். வால்வுகள் சிவந்து சூடேற அரை நிமிஷம் ஆயிற்று. மத்திய அலையில் நாதசுரம் வந்தது.

அம்மையார் சற்று நேரம் கேட்டுவிட்டு, "தம்பி, நீங்கள் உள்ளே ஏதோ எழுதி வைப்பதாகச் சொன்னீர்களே, இதிலும் எழுதினீர்களா?" என்று கேட்டார். "எழுதியிருக்கிறேன் அம்மா, நாளும் அளவும் இருக்கின்றன" என்றேன். "உங்கள் பெயர்?" என்றார். எழுதவில்லை என்றேன். "அப்பா எழுதினாரே, நீங்களும் எழுதியிருக்கலாம்" என்றார்.

அதன் பிறகு நான் செய்யும் கூடுகளில் நாளோடு இனிஷியலும் எழுதுகிறேன். அறுபது ஆண்டு கழித்து யாரேனும் அந்த மெழுகை உருக்கினால், தமக்கு முன்னே இங்கே ஒருவர் வேலை செய்தார், செய்ததை மறைக்காமல் சொல்லிவைத்தார் என்று அவருக்குத் தெரியும்.